வாடிப்பட்டி பஸ்ஸில் ராஜேஸ்வரி

டீச்சர்,

நேற்று உங்கள் மேசை இழுப்பறையைச் சுத்தம் செய்தேன். பேனா மூடி, துருப்பிடித்த கிளிப்பு, தேதி முடிந்த இருமல் மாத்திரை எல்லாவற்றையும் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தபோது மூலையிலிருந்து ஒன்று உருண்டு வந்து என் காலடியில் விழுந்தது. கொட்டைப்பாக்கு மாதிரி காய்ந்து கறுத்துப்போன ஒரு எலுமிச்சம்பழம். நகத்தால் கீறி மூக்கருகே வைத்தேன். உள்ளே எங்கேயோ கொஞ்சம் வாசனை மிச்சம் இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

வாசலில் நின்ற ஆபீஸ் கிளார்க் அண்ணன், "ஏ வர்ணம், டீச்சர் மேசையத் தொட்டா அழுவன்னு பாத்தேன், சிரிக்கிற" என்றார்.

"இது ராஜேஸ்வரியோடதுண்ணே."

"எந்த ராஜேஸ்வரி? நம்ம காலேஜா?"

"இல்லண்ணே, வாடிப்பட்டி."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போய்விட்டார். பழத்தைக் குப்பையோடு போட்டேன். நீங்களும் அதைத்தான் செய்திருப்பீர்கள். ஆனால் உங்களோடு பேசவேண்டும் போல் இருந்தது. அதனால் இதை எழுதுகிறேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. பிழை இருக்கும். நீங்கள் பிழையைச் சுழிக்கிற டீச்சர் இல்லை, ஏன் அப்படி எழுதினீர்கள் என்று கேட்கிற டீச்சர். அந்தத் தைரியம்தான்.

காலேஜில் எல்லோரும் உங்களை மேடம் என்றார்கள். நான் மட்டும்தான் டீச்சர். நீங்கள் என்னை அக்கா என்றீர்கள். உங்களைவிட நான் நான்கு வயதுதான் மூத்தவள். மூன்றாவது மாடியைக் கூட்டித் துடைக்க வந்தவளை அக்கா என்று கூப்பிட்டதற்கே முதலில் நான் திரும்பிப் பார்க்கவில்லை, வேறு யாரையோ என்று நினைத்தேன்.

முதல் நாளை நினைத்துப் பார்க்கிறேன். சைக்காலஜி மேல்படிப்புப் பிள்ளைகள் எட்டுப் பேர் இரண்டு இரண்டாக எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பிள்ளை டாக்டர் மாதிரி கேட்கும், இன்னொரு பிள்ளை நோயாளி மாதிரி பதில் சொல்லும். நான் வாளியோடு வாசலில் நின்றேன், எப்போது முடிப்பார்கள், எப்போது துடைக்கலாம் என்று. நோயாளிப் பிள்ளை, "ஆமாம், நான் இதுவரை இப்படி யோசித்ததே இல்லை, இப்போது தெளிவாகிவிட்டது" என்றது. பத்து நிமிடம்கூட ஆகவில்லை. நோய் போய்விட்டது. நீங்கள் தலையில் கை வைத்துக்கொண்டு, இப்படி ஒரு நோயாளி மதுரை ஜில்லாவிலேயே கிடையாது என்றீர்கள். அப்போதுதான் என்னைப் பார்த்தீர்கள்.

"அக்கா, ஒரு பத்து நிமிசம் இந்த நாற்காலில உக்கார்றீங்களா? உங்களுக்கு ஒரு கவலை இருக்குன்னு வச்சுக்கங்க."

"எதுக்கு டீச்சர் வச்சுக்கிறணும்? இருக்கு" என்றேன்.

எட்டுப் பேரும் சிரித்தார்கள். நான் சிரிப்புக்குச் சொல்லவில்லை.

எதிரே உட்கார்ந்தவன் டி. கல்லுப்பட்டியிலிருந்து வந்து படித்த முருகேசன். கையில் தாள். வானொலியில் செய்தி வாசிக்கிற மாதிரி, "அந்தச் சமயத்தில் உங்கள் மனதில் ஓடிய எண்ணம் என்ன?" என்று கேட்டான். என் மனதில் என்ன ஓடும், கரண்டு வந்தால் மோட்டார் போடவேண்டும் என்று ஓடும் என்றேன். அவன் தாளைத் திருப்பினான். அந்தக் கவலை நூற்றுக்கு எத்தனை இருக்கும் என்று கேட்டான். அதை எதில் அளப்பது தம்பி, படியிலா முழத்திலா என்று கேட்டேன். அவன் உங்களைப் பார்த்தான். நீங்கள் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தீர்கள். சிரித்துச் சிரித்து வந்த தண்ணீர்.

"முருகேசா, உங்க அம்மா மூஞ்சி சரியில்லன்னா நீ எப்படிக் கேப்ப?"

அவன் தயங்கித் தயங்கி, "என்னம்மா, என்னத்தப் போட்டு மருகிக்கிட்டு இருக்கன்னு கேப்பேன் மேடம்" என்றான்.

"அதையே கேளு."

அவன் கேட்டான். அதற்கு அப்புறம் திருப்பூரில் கட்டிக்கொடுத்த என் மகள் எட்டு நாளாகப் போன் பண்ணாததில் ஆரம்பித்து நான் பேசினேன் பேசினேன், மணியடித்தும் நிறுத்தவில்லை. பிள்ளைகள் எல்லோரும் நாற்காலியை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்துவிட்டார்கள். எனக்கும் நெஞ்சு லேசாக இருந்தது. நான் வாளியை எடுக்கும்போது நீங்கள் கதவைச் சாத்திவிட்டு என்னிடம் தனியாகச் சொன்னீர்கள்: "இது நெசமான கவலை அக்கா. இதைப் பிள்ளைகளுக்குப் பாடமா வைக்கக் கூடாது, இது உங்களோடது. வேற ஒரு ஆளைச் செஞ்சுக்குவோம்."

அப்படித்தான் ராஜேஸ்வரி பிறந்தாள். பிறக்கும்போதே அவளுக்கு வயது நாற்பத்தெட்டு.

மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம், டீயைக் குடித்துக்கொண்டே அவளை நாம் செய்த அந்த ஒரு வாரம் மாதிரி எனக்குச் சந்தோஷமான வாரம் கிடையாது. ஊர் வாடிப்பட்டி என்று நீங்கள் சொன்னீர்கள். வீட்டுக்காரர் டெய்லர் என்று நான் சொன்னேன். ஒரே மகள், மதுரையில் கட்டிக்கொடுத்தாயிற்று. மகளைப் பார்த்துவிட்டு ஆரப்பாளையத்தில் பஸ் ஏறி ஊருக்குத் திரும்பும்போது, பரவை தாண்டியதும் கூட்டத்தில் படபடவென்று வந்து கண் இருட்டிவிட்டது. டாக்டர்கள் எல்லாம் பார்த்து நெஞ்சில் ஒரு கோளாறும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் அவளுக்கு, அடுத்த தடவை பஸ் ஏறினால் நெஞ்சு நின்றுவிடும் என்று நினைப்பு. அதனால் பஸ்ஸே ஏறுவதில்லை. மகள் வீடு இருபது மைலுக்குள் இருந்தும் போவதில்லை. தப்பித்தவறி ஏறினால் கையில் எலுமிச்சம்பழம் வேண்டும், முகர்ந்துகொண்டே வர. எலுமிச்சம்பழம் என் யோசனை. நீங்கள் துள்ளிவிட்டீர்கள். "புக்ல இதைப் பத்தி ஒரு அத்தியாயமே இருக்குக்கா. பயத்தைத் தாங்கிப் பிடிக்க ஒரு குச்சி. குச்சி இருக்கிற வரைக்கும் கால் நல்லா இருக்குன்னு தெரியாது."

இதெல்லாம் எதற்கு என்று நான் கேட்டதற்கு நீங்கள் சொன்னதை இன்னும் யார் கேட்டாலும் நான் அப்படியே சொல்கிறேன். நமக்கு நடக்கிறது ஒன்று, அதைப் பற்றி நாம் நினைத்துக்கொள்வது ஒன்று. பல நேரம் நினைப்புதான் காலைக் கட்டுகிறது. அந்த நினைப்பு சரியா தப்பா என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு, செய்து பார்க்க வைத்து, அவர்களே கண்டுபிடிக்கும்படி செய்வது. அதற்குப் பேர் சி.பி.டி. பிள்ளைகள் அதை எழுதி மார்க் வாங்கிவிடும், உட்கார்ந்து கேட்கத்தான் வராது என்பீர்கள்.

ராஜேஸ்வரிக்கு ஐந்து வருடமாக வைத்தியம் நடந்தது. ஒவ்வொரு ஆடி மாதமும் புதுப் பிள்ளைகள் முன்னால் புதிதாக வந்து உட்காருவாள். பங்குனிக்குள் கொஞ்சம் தெளிவாள், அடுத்த ஆடிக்குப் பழையபடி. குணமாக விடக்கூடாது என்பது உங்கள் கட்டளை. ஒரு தடவை ராஜேஸ்வரிக்கு இரண்டு தங்கச்சி என்று சொல்லிவிட்டு அடுத்த வாரம் தங்கச்சியே இல்லை என்று சொல்லிவிட்டேன். பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். நீங்கள் மூலையில் ஸ்டூலில் இருந்தபடியே, இரண்டு பேரோடும் சண்டை, பேச்சுவார்த்தை இல்லை என்றீர்கள். அதையும் பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொண்டார்கள்.

நம் ஊர்ப் பிள்ளைகளிடம் ஒரு குணம் உண்டு. எதிரே ஒரு பொம்பளை கலங்கினால் அதுகளுக்குப் பொறுக்காது. "ஒண்ணும் ஆகாதுக்கா, நாங்க இருக்கோம்ல" என்று உடனே சொல்லிவிடும். வளர்ப்பு அப்படி. நீங்கள் அதை மாற்றத்தான் தலைகீழாக நின்றீர்கள். ஒன்றும் ஆகாது என்று சொன்னால் இவளுக்கு இன்றைக்கு நிம்மதி, நாளைக்கு அதே வார்த்தையை வாங்க மறுபடி வரவேண்டும், அவளாகக் கண்டுபிடிக்க விடுங்கள் என்று எத்தனை தரம் சொல்லியிருப்பீர்கள். சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோய் ஒரு சட்டம் போட்டீர்கள். அந்த வார்த்தையைச் சொன்னவர்கள் கீழே இருந்து தண்ணீர்க் கேனை மூன்று மாடி தூக்கிக்கொண்டு வரவேண்டும்.

கேன் தூக்குவது அதுவரை என் வேலை. அந்த வருடம் நான் ஒரு கேன்கூடத் தூக்கவில்லை. சில நாள் ராஜேஸ்வரி தேவைக்கு மேலேயே அழுதாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, செத்துப்போயிடுவேனா தம்பி என்பாள். எதிரே இருப்பவன் உதட்டைக் கடித்து, நெளிந்து, கடைசியில் சொல்லிவிடுவான். வகுப்பு முடிந்ததும் நீங்கள் என்னைப் பிடித்துக்கொண்டீர்கள்.

"அக்கா, வேணும்னே இழுக்குறீங்க."

"கேன் காலியா இருக்கு டீச்சர்."

கயல்விழி வந்தது மூன்றாவது வருடம். சமையல்கட்டில் வேலை பார்க்கிற மாதிரி அப்படி ஒரு சுறுசுறுப்பு. ராஜேஸ்வரி பஸ் ஏறுவதற்கு முன் என்ன நினைத்தாள், அப்புறம் என்ன நடந்தது என்று வீட்டில் எழுதிக்கொண்டு வர ஒரு தாள் கொடுப்பார்கள். ராஜேஸ்வரிக்கு எழுத வராது என்று நான் சொன்னேன். பாவம் என்று கயல் தானே எழுத ஆரம்பித்துவிட்டாள். முத்து முத்தான எழுத்து. நான் ஒரு வார்த்தை சொன்னால் அவள் மூன்று வரி. நீங்கள் தாளை வாங்கிப் படித்துவிட்டு, "ரொம்ப நல்லா இருக்கு. இது யாரோட நினைப்பு? எழுத்து உன்னோடதா இருக்கே" என்றீர்கள். கயல் முகம் சுண்டிப்போய்விட்டது. அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை.

எனக்குப் பொறுக்காமல் ஒன்று சொன்னேன். செல்லூரில் எங்கள் வீட்டுக்காரர் விசைத்தறி ஓட்டுகிறவர். தறியில் கழிகிற துண்டு நூல் வீடு முழுக்கக் கிடக்கும். எழுதத் தெரியாதவளிடம் நூலைக் கொடுங்கள். நெஞ்சு நிற்கப்போகிறது என்று நினைக்கும்போதெல்லாம் ஒரு சிவப்பு நூலை டப்பாவில் போடட்டும், நெஞ்சு நிஜமாகவே நின்றால் ஒரு கறுப்பு நூலைப் போடட்டும் என்றேன்.

நீங்கள் கேட்டீர்கள்: "நின்னுபோனா எப்படிக்கா போடுவா?"

"அதத்தான் டீச்சர் அவளும் யோசிப்பா."

அந்த வாரமே கயல் என் வீட்டுக்கு வந்து ஒரு பை நிறைய நூல் வாங்கிக்கொண்டு போனாள். அப்புறம் ஆஸ்பத்திரியில் நிஜ நோயாளிகளுக்கும் நூலும் டப்பாவும் கொடுக்க ஆரம்பித்தீர்கள் என்று கேள்விப்பட்டு, எங்கள் வீட்டுக்காரர் நல்ல சாயம் ஏறிய சிவப்பாகப் பொறுக்கி வைப்பார். அவருக்குப் பெருமைதான், சொல்லமாட்டார். ஆனால் அவரிடம் நான் இந்த வித்தையைக் காட்டினால் மட்டும் கோபம் வரும். தறி ஓனருக்கு என்னைக் கண்டாலே ஆகாது என்று ஒரு நாள் புலம்பினார். அதை நூற்றுக்கு எம்புட்டு நம்புகிறீர்கள் என்று கேட்டேன். "நீ கூட்டுற வேலைக்குப் போறியா, கோர்ட்டு வேலைக்குப் போறியா?" என்று கேட்டுவிட்டு, கொஞ்சம் கழித்து, "அறுவது இருக்கும்" என்றார்.

போன தை மாதம் உங்களைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வந்தேன். வயிற்றில் கட்டி என்று எனக்கு யாரோ சொல்லித்தான் தெரியும். நீங்கள் பாதியாகிக் கிடந்தீர்கள். உங்கள் தங்கச்சி பக்கத்தில் இருந்தார். வரும் வழியெல்லாம் என்ன பேசவேண்டும் என்று ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தவள், உங்களைப் பார்த்ததும் என் வாயில் வந்தது ஒன்றுதான்.

"ஒண்ணும் ஆகாது டீச்சர்."

நீங்கள் மெதுவாகக் கண்ணைத் திறந்தீர்கள். "இந்த ஆஸ்பத்திரி ஆறு மாடிக்கா. கீழே போய்க் கேனைத் தூக்கிட்டு வாங்க."

நம் இருவருக்கும் சிரிப்பு அடங்கவில்லை. உங்களுக்கு வயிறு வலித்தது, கையால் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். உங்கள் தங்கச்சி பயந்துபோய் நர்ஸைக் கூப்பிட எழுந்துவிட்டார். அப்புறம் நான் நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டு, நீங்கள் சொல்லிக்கொடுத்த மாதிரி, எதை நினைத்தால் பயமாக இருக்கிறது என்று கேட்டேன். பயம் கம்மிதான், சலிப்புதான் ஜாஸ்தி, இந்த டி.வி.யில் எந்தச் சானலைத் திருப்பினாலும் மாமியார் கத்துகிறாள் என்றீர்கள். பிறகு, பிள்ளைகளைப் பாதியில் விட்டுவிட்டு வந்தது ஒரு மாதிரி இருக்கிறது, ராஜேஸ்வரி என்ன செய்கிறாள் என்று கேட்டீர்கள்.

"நீங்க வந்தாத்தான் டீச்சர் அவ வருவா. நீங்க இல்லாத ரூம்ல நான் உக்கார மாட்டேன்."

நீங்கள் வேண்டாம் என்றோ உட்காருங்கள் என்றோ சொல்லவில்லை. வகுப்பில் கேட்கிற அதே குரலில்தான் கேட்டீர்கள்.

"உக்காந்தா என்ன ஆகும்னு தோணுதுக்கா?"

நர்ஸ் டிரிப் பாட்டிலை மாற்ற வந்துவிட்டார். வெளியே நிற்கச் சொன்னார்கள். நான் அப்படியே பஸ் பிடித்து வந்துவிட்டேன். நீங்கள் என்னிடம் கேட்ட கடைசிக் கேள்வி அது. நான் பதில் சொல்லவில்லை.

மாசிக் கடைசியில் நீங்கள் போய்விட்டீர்கள். அந்த நாளைப் பற்றி எழுத எனக்குத் தெம்பு இல்லை. கூட்டம் நிறைய வந்தது. முருகேசன் வேலை பார்க்கிற ராமநாதபுரத்திலிருந்து வந்து, ஓரமாக நின்று என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னக்கா, என்னத்தப் போட்டு மருகிக்கிட்டு இருக்கீக" என்று கேட்டான். அது ஒன்றை மட்டும் எழுதிவிடுகிறேன்.

இப்போது உங்கள் வகுப்பை எடுப்பது கயல். படிப்பை முடித்து, ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து, இங்கேயே டீச்சராக வந்துவிட்டாள். புதுப் பிள்ளைகள் ஒன்பது பேர். புரட்டாசியில் இவர்களை ஆஸ்பத்திரிக்கு அனுப்பி நிஜ ஆட்களைப் பார்க்கவிட வேண்டும். அதற்குள் ராஜேஸ்வரி வேண்டும் என்று கயல் வந்து நின்றாள். எனக்கு முழங்கால் வலி என்றேன். அடுத்த வாரம் கேட்டாள், தொண்டை கட்டியிருக்கிறது என்றேன். மூன்றாவது வாரம் கேட்பாளே என்று, வகுப்பு நடக்கிற வியாழக்கிழமைகளில் வேலையை இரண்டாவது மாடிக்கு மாற்றி வாங்கிக்கொண்டேன். கீழே துடைக்கும்போது மேலே அவர்கள் பேசிக்கொள்வது கேட்கும். பத்து நிமிடத்தில் நோயாளிக்குத் தெளிவாகிவிடும். ஒன்பது பேரும் கைதட்டுவார்கள். இந்தத் தப்பையெல்லாம் ராஜேஸ்வரியிடம் செய்து தீர்க்காவிட்டால் வேறு யாரிடம் போய்ச் செய்வார்கள்? மகள் வீட்டுக்குப் போகமுடியாமல் நிஜமாகவே தவிக்கிற எவளோ ஒருத்தியிடம்தானே. அவள் ஒரு தடவை வந்துபார்ப்பாள், சரிப்படவில்லை என்று நின்றுவிடுவாள். தெரிந்துதான் நான் கீழே துடைத்துக்கொண்டிருந்தேன்.

கயல் ஒரு நாள் படிக்கட்டில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். சேலை அழுக்காகிவிடும் என்றேன், ஆகட்டும் என்றாள். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. முன்னெல்லாம் அவளால் அரை நிமிடம் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது. அப்புறம்தான் கேட்டாள்.

"உக்காந்தா என்ன ஆகும்னு தோணுதுக்கா?"

உங்கள் குரல் இல்லை, அவள் குரல்தான். ஆனால் எனக்குத் தூக்கிப்போட்டது. இந்தத் தடவை தப்பிக்க நர்ஸ் யாரும் வரவில்லை. சொன்னேன். அழுதுவிடுவேன். ராஜேஸ்வரி அழுகிற அழுகை இல்லை, என் அழுகை. அதைப் பார்த்துப் பிள்ளைகள் பயந்துவிடும். டீச்சர் பார்த்துப் பார்த்துக் கட்டின வகுப்பு என்னால் கெட்டுப்போகும்.

கயலின் உதடு அசைந்தது. அந்த வார்த்தையைச் சொல்லத்தான் போனாள், எனக்குத் தெரியும். கடித்து விழுங்கிவிட்டாள். பையிலிருந்து ஒரு தாளையும் பேனாவையும் எடுத்து என்னிடம் நீட்டினாள். இந்தத் தடவை அவள் எழுதவில்லை. நான் எழுதினேன், கோணல் எழுத்தில், ஒன்று அழுவேன், இரண்டு பிள்ளைகள் பயப்படும், மூன்று வகுப்பு கெடும் என்று. நூற்றுக்கு எம்புட்டுக்கா என்றாள். தொண்ணூறு என்றேன்.

"செஞ்சு பாப்பமா?"

"கெட்டுப்போச்சுன்னா?"

"கெட்டுப்போச்சுன்னா கெட்டுப்போச்சுன்னு எழுதிக்குவோம்."

போன வியாழக்கிழமை உட்கார்ந்தேன். உங்கள் ஸ்டூலில் யாரும் உட்காரவில்லை, கயல் வேறு நாற்காலி போட்டுக்கொண்டாள். எதிரே வந்து உட்கார்ந்தது நஸ்ரின் என்று ஒரு பிள்ளை. நோட்டுக்கூட எடுத்து வரவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "சொல்லுங்கம்மா, அந்தப் பஸ்ல அன்னிக்கு என்னதான் நடந்துச்சு?" என்றது. ராஜேஸ்வரி நன்றாகத்தான் ஆரம்பித்தாள். ஆரப்பாளையம், கூட்டம், பரவை, படபடப்பு. ஐந்து வருடம் சொன்ன கதை, வாய் தானாகச் சொன்னது. சரி, தப்பித்துவிட்டோம் என்று நினைத்தேன். அப்போது அந்தப் பிள்ளை இதுவரை ஒருத்தரும் கேட்காத ஒன்றைக் கேட்டது.

"உங்க பக்கத்து சீட்ல யாரு இருந்தா?"

டீச்சர், நாம் அதைச் செய்து வைக்கவே இல்லை. வீட்டுக்காரருக்குத் தொழில் கொடுத்தோம், மகளுக்கு வீடு கொடுத்தோம், பக்கத்து சீட்டை மட்டும் காலியாக விட்டுவிட்டோம். நான் யோசிக்கவில்லை. வாயில் வந்துவிட்டது.

"ஒரு டீச்சர் இருந்தாக."

அவ்வளவுதான். வந்துவிட்டது. முந்தானையை வாயில் வைக்கவெல்லாம் நேரமில்லை. மூக்கில் தண்ணீர் வர, தோள் குலுங்க, அசிங்கமாக அழுதேன். கயல் எழுந்திருக்கப் போனதை ஓரக்கண்ணில் பார்த்தேன், எழுந்திருக்கவில்லை. நஸ்ரின் தண்ணீரை நீட்டவில்லை, அழாதீங்கம்மா என்று சொல்லவில்லை. நாற்காலியை ஒரு சாண் முன்னால் நகர்த்தியது, அவ்வளவுதான். நான் மூக்கைச் சிந்தி முடிக்கும்வரை இருந்தது. பிறகு கேட்டது.

"அந்த டீச்சர் என்ன பண்ணாங்கம்மா?"

"எங்கூடப் பேசிக்கிட்டே வந்தாக. சிரிக்கவச்சாக."

"அப்பப் படபடப்பு எப்படி இருந்துச்சு?"

நான் யோசித்துப் பார்த்தேன், ராஜேஸ்வரியாக இல்லை, நானாகவே. இருந்தது, ஆனால் அதைக் கவனிக்கவில்லை என்றேன். நஸ்ரின் தலையாட்டியது. அன்றைக்கு அதற்கு மேல் அது ஒன்றும் கேட்கவில்லை. எனக்கே இன்னும் கொஞ்சம் கேட்டால் தேவலை என்று இருந்தது.

முடிந்ததும் கயல் தாளை எடுத்தாள். ஒன்று, அழுதேன், சரி. இரண்டு, பிள்ளைகள் பயந்தார்களா என்று அவர்களையே கேட்டாள். ஒரு பயல், "பயமில்ல மேடம், அக்கா நெசமாவே கண்ணீர் விட்டு நடிச்சாங்க, எங்க ஊரு நாடகத்துலகூட இப்படிப் பாத்ததில்ல" என்றான். நஸ்ரின்தான் கையைத் தூக்கி, பரீட்சையிலும் இந்த அம்மா இப்படி அழுவார்களா, அதற்குத் தனியாகப் படிக்கவேண்டுமா என்று கேட்டது. கயல் சிரிப்பை அடக்கமுடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மூன்றாவதை யாரும் கேட்கவில்லை. தொண்ணூறு இப்போது எம்புட்டு என்று படிக்கட்டில் இறங்கும்போது கயல் கேட்டாள். பத்து என்றேன். அந்தப் பத்தை வைத்துக்கொள்ளுங்கள் என்றாள்.

இந்த வியாழக்கிழமை நஸ்ரினின் இரண்டாவது நாள். அது விடாது. பக்கத்து சீட்டு டீச்சரைப் பற்றி மறுபடி கேட்கும். இனி வருகிற பிள்ளைகளும் கேட்பார்கள், ஏனென்றால் எல்லோரும் நோட்டில் எழுதிக்கொண்டுவிட்டார்கள். அதனால் நானே உட்கார்ந்து உங்களைச் செய்துகொண்டிருக்கிறேன் டீச்சர், நாம் ராஜேஸ்வரியைச் செய்த மாதிரி. ஜன்னலோர சீட்டு. கண்ணாடி போட்டவர், சிரித்தால் கண்ணாடியைக் கழற்றுவார். ஆரப்பாளையத்தில் ஏறியதும் அக்கா என்று கூப்பிட்டார். என்னிடம் ஒன்றும் ஆகாது என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

அந்த டீச்சர் கடைசிவரை கூட வந்தாரா என்று அந்தப் பிள்ளை கேட்டால் என்ன சொல்வது என்று இரண்டு நாளாக யோசித்தேன். இன்று காலை துணி காயப்போடும்போது முடிவு பண்ணிவிட்டேன். சமயநல்லூரில் இறங்கிவிட்டார் என்று சொல்வேன். இறங்கி நின்று கையாட்டினார், பஸ் எடுத்துவிட்டான். பக்கத்து சீட்டில் வேறு யாரோ பையை வைத்தார்கள். படபடப்பு இருந்தது. இருந்தாலும் நான் எழுந்திருக்கவில்லை, வாடிப்பட்டி வரைக்கும் உட்கார்ந்தே போய்விட்டேன் என்று சொல்வேன்.